மருந்தாளுநர் படிப்பு: எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு, அது எங்கிருந்து வரும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்: "அண்ணே, பி.பார்ம் போடலாமா, டி.பார்ம் போதுமா?" மருந்துக்கடை வைத்திருப்பவனிடம் கேட்கத்தானே செய்வார்கள். அடுத்த கேள்வி வேலை கிடைக்குமா என்பது. எந்த மாதத்தில் எவ்வளவு காசு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊரில் படிப்பைப் பாதியில் விடுகிற பிள்ளைகளில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மேட்டூர் ஜூன் 12 திறந்தால் வீட்டில் இருக்கும் ரொக்கம் உழவுக்கும் விதைக்கும் போய்விடும். குறுவை இன்னும் வயலில் நிற்கும்போதே கலந்தாய்வும் முதல் வருடக் கட்டணமும் வந்து நிற்கும். அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்து, பணம் கணக்கில் ஏறும்போது கல்லூரி ஆரம்பித்திருக்கும். அரசு உதவித்தொகையும் கட்டணத்துக்கு முன்னால் வராது, பின்னால்தான் வரும், அதுவும் பெரும்பாலும் வருடம் பாதி கடந்தபிறகு. ஆக, எது கிடைக்கும் என்பதைவிட எது எப்போது கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

சரி, அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். டி.பார்ம் டிப்ளமோ, இரண்டு வருடம், பி.பார்ம் பட்டப்படிப்பு, நான்கு வருடம், பார்ம்.டி ஆறு வருடம், அதில் கடைசி வருடம் மருத்துவமனைப் பயிற்சி. தமிழ்நாட்டில் பி.பார்முக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்மில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், காசு இழுபறியான வீட்டுக்கு இது நல்ல வழி என்பது என் கருத்து. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பி.பார்ம் இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறை இருக்கிறது. தனியார் கல்லூரிக்கு ஓடுமுன் இவற்றுக்கு முயன்று பாருங்கள்.

அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் முதல் பட்டதாரி சலுகை. வீட்டில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அண்ணன் இன்ஜினியரிங்குக்கு வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அதிலும் குறைவது கல்விக் கட்டணம் மட்டும், விடுதி, பஸ், தேர்வுக் கட்டணமெல்லாம் நம் தலையில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. ஆயிரம் ரூபாய் என்ன பெரிய காசு என்று கேட்காதீர்கள், வேதாரண்யத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு அது பஸ் காசு.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் போட்டு வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நிற்கிற கூட்டம் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும்.

அப்புறம் வங்கிக் கடன். 4 லட்சம் வரை சொத்து ஈடும் ஜாமீனும் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் விதி. ஆனாலும் என் சித்தி மகளுக்காகப் போனபோது ஒரு கிளையில் முதல் கேள்வியே "நிலப் பத்திரம் இருக்கா?" என்பதுதான். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி போய்ப் பேசியதும் பேச்சின் தொனி மாறிவிட்டது. எழுத்தில் ஒரு விண்ணப்பம் இருந்தால் மறுப்பதற்கும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறதே. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது, அதைக் கடன் வாங்கும்போதே கேளுங்கள், அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

படிப்பின் நடுவில் எல்லாரும் வெள்ளைக் கோட்டுப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள், வைக்கட்டும், அம்மா அப்பாவுக்குச் சந்தோஷம். என்னைக் கேட்டால் உண்மையான கட்டம் டி.பார்ம் பிள்ளைகளின் 500 மணி நேரப் பயிற்சிதான். மூன்று மாதத்துக்குக் குறையாமல், அதில் 250 மணி நேரமாவது மருந்துச்சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நடவு சீசனில் என் கடைக்கு வந்து பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வருகிற அக்காக்கள் "வலிக்கு ஒரு வேளை மாத்திரை குடு தம்பி" என்று நிற்பார்கள். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, சிறுநீரகத்தில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டு, டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்று சண்டை வராமல் சொல்லத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை மருந்தாளுநர். இந்த மாதங்களுக்குக் கையில் எதுவும் வராது என்று நினைத்தே செலவுக்குத் தனியாக எடுத்து வையுங்கள், போக்குவரத்தும் சாப்பாடும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

முடித்ததும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு. பதிவு எண் கையில் வந்த வாரமே ஒருவர் தேடி வருவார்: "கடைக்கு உன் சர்டிபிகேட்டை மட்டும் மாட்டிக்கிறேன், நீ வரவே வேண்டாம், மாசாமாசம் காசு." கடன் தவணை தொடங்கப் போகிற நேரம் பார்த்து வரும் இந்தப் பேச்சுக்கு எத்தனையோ பேர் தலையாட்டியிருக்கிறார்கள். 1948-ஆம் வருடத்து பார்மசி சட்டப்படி பதிவு பெற்றவர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும், நீங்கள் இல்லாத கடையில் தவறான மருந்து போனாலும் சுவரில் தொங்குவது உங்கள் பெயர். மறுத்துவிடுங்கள். கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் கட்டத் தொடங்க வேண்டும், அந்த அவகாசம் வேலை தேடத்தான்.

சொந்தக் கடை ஆசை இருந்தால் 2025 பிப்ரவரியில் 1,000 கடைகளோடு தொடங்கிய தமிழக அரசின் முதல்வர் மருந்தகம் திட்டத்தில் பி.பார்ம், டி.பார்ம் படித்த தனிநபர்களுக்கு 3 லட்சம் மானியம் கொடுத்தார்கள், பாதி ரொக்கமாக, பாதி மருந்தாக. சில்லறை மருந்துக்கடை உரிமத்துக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், கடைத்தெருவில் இடம் பார்க்கும்போது டேப் எடுத்துப் போங்கள். அரசு வேலை வேண்டும் என்பவர்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சித்தி மகள் இதில் எதற்கும் போகவில்லை. ஜிபேட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, பி.பார்முக்கு மேல்படிப்பான எம்.பார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை என்று கண்டுபிடித்து, இப்போது அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சித்திக்கு இதில் உடன்பாடில்லை, "கடனைக் கட்டிட்டுப் படிக்கட்டுமே" என்று போனில் என்னிடம் வாதாடுகிறார்.