ஆர்ஹெச்சிஎஸ்ஏ எழுதப் போறீங்களா? சிஹெச்கானை மறந்துடுங்க

ரெட் ஹாட் லினக்ஸ் நிர்வாகிகளுக்கான ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வோட ரிசல்ட் மெயில் வந்தாச்சு, பாஸ். 300-க்கு 210 வேணும்; எஸ்ஈலினக்ஸை (எந்த புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று லேபிள் வைத்துக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு) கடைசி நேரத்தில் பார்த்துக்கலாம்னு விட்டால் அந்த 210 ஆட்டம் காணும். கேள்விகளை வெளியில் சொல்லக் கூடாது. இது பாடத்திட்டத்தில் இருப்பதை வைத்து மட்டும்.

/வெப் என்று புது டைரக்டரி போட்டால் அதன் எஸ்ஈலினக்ஸ் லேபிளில் டைப் டிஃபால்ட்_டி என்று இருக்கும். அப்பாச்சி வெப் சர்வர் அதைத் தொடாது, 403 (அனுமதி இல்லை) வரும். உடனே சிஹெச்மாட் 777 போட்டு எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துடாதீங்க. செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்து எஸ்ஈலினக்ஸ் தடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்திட்டு, மறுபடி கர்ல் கட்டளையால் பக்கத்தைக் கேட்டுப் பாருங்க. அப்பவும் 403 என்றால் கோளாறு லேபிளில் மட்டும் இல்லை, அப்பாச்சி கான்ஃபிகில் 'ரிக்வயர் ஆல் கிரான்டட்' விட்டுப்போயிருக்கும், அல்லது சாதாரண பர்மிஷன். பார்த்ததும் செட்என்ஃபோர்ஸ் 1 கொடுத்து மறுபடி இயக்கிடுங்க. இதை மறந்துடாதீங்க.

லேபிள்தான் என்றால் இரண்டே வரி:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி ஹெச்டிடிபிடி_சிஸ்_கான்டென்ட்_டி "/வெப்(/.*)?"
ரீஸ்டோர்கான் -ஆர்வி /வெப் (ஆர் பெரிய எழுத்து)

முதல் வரி விதியை எழுதி வைக்கும், அவ்வளவுதான். கோப்பில் ஒட்டுவது இரண்டாவது. அடைப்புக்குறிப் பகுதியை விட்டால் டைரக்டரிக்கு மட்டும் லேபிள் மாறும், உள்ளே இருப்பவை அப்படியே கிடக்கும். மேற்கோள் குறியை விட்டால் ஷெல் சின்டாக்ஸ் எரர் என்று கத்தும். விதி ஏற்கெனவே இருந்தால் -ஏ இடத்தில் -எம். மனப்பாடம் வேண்டாம்: மேன் செமேனேஜ்-எஃப்கான்டெக்ஸ்ட் என்று அடித்தால் உதவிப் பக்கம் வரும், கடைசியில் உதாரணம் இருக்கு.

லேபிளை நேரடியாக மாற்றும் கட்டளைதான் சிஹெச்கான். அது போட்டது ரீபூட்டில் போயிடும்னு பலர் சொல்றாங்க. போகாது. யாராவது ரீஸ்டோர்கான் ஓட்டினாலோ, ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு /.ஆட்டோரீலேபிள் கோப்பு (அடுத்த பூட்டில் எல்லா லேபிளையும் விதிப்படி திரும்ப ஒட்டச் சொல்வது) வைத்தாலோதான் அழியும். அதனால்தான் ஆபத்து: சோதிக்கும்போது வேலை செய்யும், பிறகு காலை வாரும்.

கோப்பை இடம் மாற்றும் எம்வி கட்டளை, பழைய லேபிளோடு நகர்த்தும். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வீடு மாறியும் ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருக்கிற மாதிரி. நகலெடுக்கும் சிபி என்றால் போய்ச் சேரும் இடத்தின் லேபிள்.

மற்றவை, வேகமாக:
- அப்பாச்சி போர்ட் 82-ல் ஓடணும் என்றால்: செமேனேஜ் போர்ட் -ஏ -டி ஹெச்டிடிபி_போர்ட்_டி -பி டிசிபி 82. ஃபயர்வாலும் திறக்கணும்.
- செமேனேஜ் இல்லையென்றால் பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ் பேக்கேஜ்.
- வீட்டிலிருந்து எழுதினால் ரௌட்டருக்கும் யூபிஎஸ். வேலூர் கோடையில் கரன்ட்டை நம்பி 3 மணி நேரம் உட்கார வேண்டாம்.
- முடித்ததும் ரீபூட், எஸ்ஈலினக்ஸ் இயங்குதா என்று காட்டும் கெட்என்ஃபோர்ஸ், மறுபடி ஒரு கர்ல்.