ஏஜென்ட் "எங்கும் இல்லை" என்றால் நம்பலாமா?

ஒரு என்விரான்மென்ட் வேரியபிளின் (புரோகிராமுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு) பெயரை மாற்றச் சொல்லி ஏஜென்டிடம், அதாவது தானே கோடை மாற்றும் ஏஐ உதவியாளரிடம், வேலை கொடுத்திருந்தேன். ஃபைல்களுக்குள் எழுத்தைத் தேடும் ரிப்கிரெப் கருவியை வைத்துத் தேடியது, பன்னிரண்டு ஃபைலில் மாற்றியது, மறுபடி தேடிப் பார்த்துவிட்டு "பழைய பெயர் இப்போது எங்கும் இல்லை" என்று எழுதியது. டெஸ்ட் எல்லாம் பாஸ். மறுநாள் சர்வரில் ஏற்றும்போது டிப்ளாய் விழுந்தது. பழைய பெயர் டாட் கிட்ஹப் ஃபோல்டருக்குள் டிப்ளாயை ஓட்டும் வொர்க்ஃப்ளோ ஃபைலில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. புள்ளியில் (டாட்) தொடங்கும் ஃபைலையும் ஃபோல்டரையும் ரிப்கிரெப் தானாகத் திறந்து பார்க்காது, கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியல்) இருப்பதையும் பைனரி ஃபைலையும் அப்படித்தான் விட்டுவிடும். ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட்டில் எழுதி 2016இல் வெளியிட்ட இந்தக் கருவியின் வேகத்துக்கு இந்தத் தேர்வும் ஒரு காரணம், மனிதர்களுக்கு அது பெரிய வசதி. டெர்மினலில் நான் தேடி ஒன்றும் வராவிட்டால் "இருக்கணுமே" என்று ஒரு உறுத்தல் வரும், வேறு மாதிரி தேடிப் பார்ப்பேன். ஏஜென்டுக்குப் பல சமயம் அந்த உறுத்தல் வருவதில்லை. காலியாக வந்ததை முடிவான பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

ரெப்போவில் (எங்கள் கோடு முழுக்க இருக்கும் இடம்) ஏஜென்டுக்கான குறிப்புகளோடு ஏஜென்ட்ஸ் டாட் எம்டி என்று ஒரு ஃபைல் ஏற்கெனவே வைத்திருந்தோம், ரிப்கிரெப்புக்கு அதில் ஒரு பகுதியும் இருந்தது. நான் எழுதியதுதான். திறந்து பார்த்தால் முழுக்க ஆப்ஷன்களின் பட்டியல், கிட்டத்தட்ட ஹெல்ப் பக்கத்தின் நகல். ஏஜென்டுக்கு அதெல்லாம் முன்பே தெரியும், தெரியாவிட்டாலும் ஹெல்ப் போட்டுப் பார்த்துக்கொள்ளும். தேடல் காலியாக வந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைத்தான் எழுதியிருக்க வேண்டும், அது ஒரு வரிகூட இல்லை.

அதனால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வரியே எக்ஸிட் கோட் (ஓடி முடிந்ததும் கருவி தரும் எண்) பற்றி: 0 வந்தால் கிடைத்தது, 2 வந்தால் பிழை, 1 வந்தால் "தேடிய ஃபைல்களில் இல்லை" என்று மட்டும்தான் பொருள், ரெப்போவிலேயே இல்லை என்று பொருள் இல்லை. எதையாவது அழிப்பதற்கோ பெயர் மாற்றுவதற்கோ முன்னால் புள்ளியில் தொடங்குவதையும் தேடும் ஹிட்டன் ஆப்ஷனைச் சேர்த்து இன்னொரு முறை தேடு, ஆனால் கிட் தன் விவரங்களை வைக்கும் டாட் கிட் ஃபோல்டரை குளோப் (பெயர் மாதிரி) போட்டு விலக்கு. என்விரான்மென்ட் வேரியபிள்களை வைக்கும் டாட் என்வ் மாதிரி இக்னோரில் இருக்கும் ஃபைலுக்குள் பார்க்க வேண்டுமானால் அதன் பெயரை நேராகக் கொடு, பெயர் சொல்லிக் கொடுத்த ஃபைலுக்கு இக்னோர் விதி பொருந்தாது. எல்லா வடிகட்டலையும் ஒரேயடியாக எடுத்துவிடு என்று எழுதத்தான் முதலில் கை போனது, அப்புறம் வெளி லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் முழுக்க வந்து கொட்டும் என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

இன்னொன்று, டெர்மினலில் நமக்கு வரி எண் தானாக வருகிறது, ஆனால் வெளியீடு பைப்புக்குள் (இன்னொரு புரோகிராமுக்கு) போகும்போது வராது, ஏஜென்ட் பெரும்பாலும் பைப் வழியாகத்தான் படிக்கிறது. வரி எண் ஆப்ஷனைக் கட்டாயம் போடச் சொன்னேன். பாதையைக் குறிப்பிடாமல் ஓட்டினால் சில சூழலில் ரிப்கிரெப் ஃபோல்டரை விட்டுவிட்டு ஸ்டேண்டர்ட் இன்புட்டுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், அதனால் கடைசியில் "இந்த ஃபோல்டர்" என்று சொல்லும் ஒரு புள்ளி எப்போதும் வேண்டும். அடைப்புக்குறி உள்ள ஃபங்ஷன் அழைப்பைத் தேடினால் அடைப்புக்குறியை ரெகெக்ஸ் (தேடல் மாதிரி) குறியாக எடுத்துக்கொள்ளும், மூடாமல் விட்டால் பிழையும் வரும், அதற்கு எழுத்தை அப்படியே தேடும் ஃபிக்ஸ்ட் ஸ்ட்ரிங்ஸ் ஆப்ஷன். மினிஃபை செய்து சுருக்கிய ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரி ஒரு லட்சம் எழுத்துக்கு ஓடும், அது ஒரு தடவை வந்தாலே ஏஜென்ட் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய கான்டெக்ஸ்ட் வீண், ஆகவே முதலில் ஃபைல் பெயர்களை மட்டும் எடு, வரி நீளத்துக்கும் வரம்பு வை. ஒவ்வொரு விதியோடும் காரணத்தையும் அரை வரியில் எழுதினேன். காரணம் தெரிந்தால் நான் எழுதாத இடத்திலும் ஏஜென்ட் சரியாக முடிவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ரெப்போவில் தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல்களும் இருக்கின்றன, அங்கே இன்னொரு சிக்கல். "கொள்முதல்" என்று தேடினால் சில ஃபைலில் கிடைக்கிறது, சிலவற்றில் இல்லை, கண்ணுக்கு எழுத்து ஒன்றுதான். "கொ"வில் வரும் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். ரிப்கிரெப் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காது. கொ, கோ, கௌ வரிசை எழுத்து உள்ள சொல்லை இரண்டு வடிவத்திலும் தேடு என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இதை டாகுமென்டில் சொல்லிச் சமாளிப்பது எனக்கே பிடிக்கவில்லை. இந்த வாரம் அந்த ஃபைல்களை எல்லாம் நார்மலைஸ் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரப் போகிறேன், முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடலாம்.

புது டாகுமென்டோடு அதே பெயர் மாற்றும் வேலையைப் மாற்றத்துக்கு முந்தைய கமிட்டிலிருந்து (கோடின் சேமித்த நிலை) மறுபடி கொடுத்துப் பார்த்தேன். வொர்க்ஃப்ளோ ஃபைலைப் பிடித்தது. கடைசியில் "டாட் என்வ் ஃபைலை நான் திறக்கவில்லை, அதில் இருக்கலாம்" என்றும் எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன், இருந்தது.