ஃபைலில் சிவப்பு மையில் இருந்த அந்த வரி

வருகிற வியாழக்கிழமை எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பிதான், சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடுவார்கள், ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள். கத்தியைப் பற்றி எனக்குப் பயமில்லை. இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது என் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருந்த மூன்று சொற்கள்: "ஸ்டீராய்டு அலர்ஜி. கொடுக்கக்கூடாது."

எனக்கு இருப்பது அடிசன் நோய். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் எனக்கு வேலை செய்வதில்லை. 1855இல் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியபோது இதற்கு மருந்தே கிடையாது. இன்று நான் காலையில் 10, மதியம் 5, மாலையில் 5 மில்லிகிராம் என்று ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறேன், உடம்பில் உப்பு நிற்பதற்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தனியாக. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வீக்கத்துக்கோ கொடுக்கிற ஸ்டீராய்டோடு இதைச் சேர்த்துப் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நான் வாய்வழியாகப் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு ஆபரேஷன் நடந்தால் அவர்களுடைய அட்ரினல் தானாகவே கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் கூட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அது நடக்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். வராவிட்டால் ரத்த அழுத்தம் சரியும், சோடியம் குறையும், சர்க்கரை இறங்கும், நினைவு தப்பும். மயக்கத்தில் இருக்கும்போது தலை சுற்றுகிறது என்று சொல்லக்கூட என்னால் முடியாது. கார்ட்டிசோன் சாப்பிட்டு வந்த ஒருவர் ஆபரேஷனுக்கு முன் அதை நிறுத்தியதால் இறந்துபோனதை 1952இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியிருக்க அந்தச் சிவப்பு வரி எப்படி வந்தது? ஆறு வருடத்துக்கு முன் காய்ச்சலும் வாந்தியுமாக ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கிடந்தேன். ஸ்டீராய்டு ஊசி போட்ட சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சு விசில் மாதிரி வந்தது. அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். எந்த ஊசி என்று அன்று நானும் கேட்கவில்லை, உயிர் பிழைத்ததே போதும் என்றிருந்தது. அதற்கும் முன்பிருந்தே எனக்கு இன்னொரு தொல்லை உண்டு. உடம்பு சரியில்லாத நாட்களில் மாத்திரையை இரண்டு மடங்காக்கினால் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், வயிறு எரியும், காரணமே இல்லாமல் அழுகை வரும். அதையும் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து "அலர்ஜி" ஆகிவிட்டது. இதில் என் தப்பும் இருக்கிறது. தடிப்பு வந்தாலும் தூக்கம் கெட்டாலும் நாம் சொல்வது "எனக்கு அது ஒத்துக்காது" என்ற ஒரே வார்த்தையைத்தானே.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனோம். இளம் டாக்டர், அக்கறையாகத்தான் பேசினார். ஃபைலைத் திறந்தார், சிவப்பு வரியைப் பார்த்தார். "சரி, அப்போ ஸ்டீராய்டு இல்லாமலே பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அக்காதான் கேட்டாள்: "டாக்டர், இவ தினமும் மூணு வேளை போடுறதும் அந்த மருந்துதானே? அது ஒண்ணும் பண்ணலையே?"

அந்தக் கேள்விக்கு நான் ஆறு வருடமாகக் காத்திருந்திருக்கிறேன் போல.

அவர் உடனே மூத்த டாக்டரைக் கூப்பிட்டார், அவர் என் ஹார்மோன் பிரச்சினையைப் பார்க்கும் எண்டோகிரைன் டாக்டரிடம் பேசினார், அங்கிருந்து அலர்ஜி நிபுணரிடம் அனுப்பினார்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்ததில் அன்று போட்டது ஹைட்ரோகார்ட்டிசோன் சோடியம் சக்சினேட் என்று தெரிந்தது. இந்த ஹார்மோன் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் ஊசிக்காக அதோடு சக்சினேட்டையோ பாஸ்பேட்டையோ இணைக்கிறார்கள். என் மாத்திரையில் அது கிடையாது. சிலருக்கு இப்படி இணைத்த பகுதிதான் பிரச்சினை, வேறு சிலருக்கு மருந்தோடு சேர்க்கும் மேக்ரோகால் மாதிரியான பொருள். பால் அலர்ஜி கடுமையாக உள்ளவர்களுக்குச் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் சில ஊசிகளில் இருக்கும் லாக்டோஸில் ஒட்டிய பால் புரதத்தால்கூட வந்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

தோல் பரிசோதனையில் சக்சினேட் வைத்த இடம் தடித்தது, பாஸ்பேட் வைத்த இடம் அப்படியே இருந்தது. பிறகு பக்கத்தில் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு, பாஸ்பேட் வகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வேகமாகப் போட்டால் அந்தரங்கப் பகுதியில் திடீரென்று எரிச்சலும் குறுகுறுப்பும் வரும், பயப்பட வேண்டாம், அது அலர்ஜி இல்லை என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னார். அதைச் சொல்லிவைத்ததற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் அதையும் ஒரு ஆபத்து என்று நினைத்து அலறியிருப்பேன். சில மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

திட்டம் இப்போது ஒரு தாளில் இருக்கிறது. நாளின் முதல் ஆபரேஷன் என்னுடையது, வெறும் வயிற்றோடு அதிக நேரம் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. காலை மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட வேண்டும். மயக்கம் கொடுக்கும்போது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், அப்புறம் 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராம் டிரிப்பில். சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டு நாளாவது மாத்திரை இரண்டு மடங்கு. வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டைக் கொடுத்தாலும் அதை நம்பி ஹைட்ரோகார்ட்டிசோனை விட்டுவிடக் கூடாது, உப்பைத் தக்கவைக்கிற வேலையை அது செய்யாது என்பதையும் டாக்டர் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.

படபடப்பும் தூக்கமின்மையும் வரத்தான் போகிறது. முன்பு ஒருவர் அதை என் கற்பனை என்றார், அது இன்னும் வலிக்கிறது. இந்த முறை அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்: சர்க்கரையை அடிக்கடி பார்ப்பது, வயிற்றுக்கு மருந்து, முடிந்தவரை சீக்கிரம் பழைய அளவுக்குக் குறைப்பது, ராத்திரி அக்கா கூடவே இருப்பது. "ரெண்டு ராத்திரி தூக்கம் போனா திரும்பி வந்துடும்மா. பிரஷர் விழுந்துட்டா தான் கஷ்டம்" என்றார் எண்டோகிரைன் டாக்டர். நான் சரி என்றேன், இந்த முறை மனதாரவே.

ஃபைலின் முதல் பக்கத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: "அட்ரினல் குறைபாடு. ஸ்டீராய்டு கட்டாயம் தேவை. சக்சினேட் ஊசிக்கு மட்டும் அலர்ஜி, பாஸ்பேட் கொடுக்கலாம்." அதை போட்டோ எடுத்து என் போனிலும் அக்கா போனிலும் வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் மட்டும் பழைய வரி இன்னும் மாறவில்லை, இன்று சாயங்காலம் கேட்டபோதும் அதையேதான் காட்டியது. ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர் தாளைப் பார்ப்பாரா, திரையைப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலை மறுபடி போகிறேன், அது மாறுகிற வரைக்கும் அந்த மேஜையை விட்டு நகர்வதாக இல்லை.