பக்கிக்கு ஸ்டீயரிங் வரைந்த கதை

மேடுபள்ளத்தில் ஓட்டும் சிறு வண்டியான பக்கிக்கு ஸ்டீயரிங் வரைய உட்கார்ந்தபோது, வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட எவ்வளவு அதிகம் திரும்பவேண்டும் என்று சொல்லும் அக்கர்மன் கணக்கைத்தான் பெரிதாக நினைத்தேன். வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 1400 மில்லிமீட்டர், கிங்பின்களின் (முன்சக்கரங்கள் இடம் வலம் திரும்பும் முளைகள்) இடைவெளி 1200, உள்சக்கரம் 40 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் 26 டிகிரி. சரி, அது ஒரே மாலையில் முடிந்தது.

உண்மையான வேலை பம்ப் ஸ்டீயரில், அதாவது சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்பிவிடும் கோளாறில் இருந்தது. பழைய கார் ரேக்கை (ஸ்டீயரிங்கைச் சுற்றினால் இடம் வலமாக நகரும் பற்சட்டம்) அப்படியே மாட்டி, ஜாக் வைத்துச் சக்கரத்தை ஏற்றி இறக்கினால், ஸ்டீயரிங்கை யாரும் தொடாமலேயே சக்கரம் திரும்புகிறது! மேடுபள்ளத்தில் ஓடவேண்டிய வண்டிக்கு இது பெரிய ஆபத்து. ரேக் நீளம் அதிகம், அதனால் ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடின் உள்மூட்டு, சக்கரத்தைத் தாங்கும் மேல் கீழ் கைகளான விஷ்போன்களின் சேஸி (வண்டிச் சட்டம்) மூட்டுகளை இணைக்கும் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. அப்புறம் குறுகிய ரேக் ஒன்றைத் தேடிப்பிடித்து, டை ராடின் கோடு இரண்டு விஷ்போன்களின் கோடுகளும் சந்திக்கும் புள்ளிக்கே போகும்படி உயரத்தையும் மாற்றினோம். மறுபடி ஜாக் வைத்தோம், சக்கரம் நேராகவே ஏறி இறங்கியது.