ஓ.டி. உண்டுங்களா சார்?

எங்கள் பொறியியல் கல்லூரி திருப்பூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். 2018-இல் மத்திய அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐ.ஐ.சி. என்ற புத்தாக்கக் கவுன்சில் திட்டத்தைத் தொடங்கியதும், தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஈ.டி. செல்லுக்கு, அதாவது தொழில்முனைவோர் மன்றத்துக்கு, திடீரென்று மவுசு வந்தது. ஆள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ராக்கெட் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தோம். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினேன். எங்கே பேசி முடித்தாலும் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்: "ஓ.டி. உண்டுங்களா சார்?" 75 சதவீத வருகைக்காகத் தவிப்பவனுக்கு, வகுப்பில் உட்காராமலே கிடைக்கும் ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' வருகை, பெரிய விஷயம். உண்டு என்று சொல்லித் தொலைத்தேன். கூகுள் ஃபார்மில் 140 பெயர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வந்தது 7 பேர். அதிலும் இரண்டு பேர் செமினார் ஹால் ஏ.சி.க்காக வந்தவர்கள்.

கணீரென்று ஆங்கிலம் பேசியவர்களைத் தலைவர், செயலாளர் ஆக்கியிருந்தேன். பிளேஸ்மென்ட் தொடங்கியதும் அவர்களைக் காணோம். குறை சொல்ல மாட்டேன். ரெஸ்யூமில் ஒரு வரிக்காக வந்தார்கள், அது கிடைத்ததும் போய்விட்டார்கள். நானும் அறிக்கையில் ஒட்டப் போட்டோ வேண்டுமென்றுதானே அவர்களைக் கூப்பிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஹாஸ்டல் வார்டன் பேச்சுவாக்கில் ஒரு புகார் சொன்னார். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பையன் ஒருவன் ரூம் ரூமாக டீ சர்ட் விற்கிறானாம். கேன்டீனில் அவனைப் பிடித்து எதிரே உட்கார்ந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப விக்கறதில்லைங்க சார், சத்தியமா."

டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தான். சனிக்கிழமை திருப்பூர் ஜவுளிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய் செகண்ட்ஸ், அதாவது சின்னக் குறையுள்ள சரக்கு எடுப்பான். பீஸ் 70 ரூபாய்க்கு எடுத்தால் 120-க்குப் போகும். எக்ஸ்எல் எடுத்தால் தங்கிவிடும், எம்மும் எல்லும்தான் ஓடும். மாதக் கடைசியில் கடையே திறப்பதில்லை. வீட்டிலிருந்து பணம் வரும் முதல் வாரம்தான் வியாபாரம். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது லேப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில். "ஏம்ப்பா நம்ம மன்றத்துல சேரல?" என்றேன். "அது பெரிய ஐடியா வச்சிருக்கறவங்களுக்குன்னு நினைச்சேனுங்க. இது மெஸ் பில்லுக்குத்தானுங்களே." அந்த ராக்கெட்டை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு மாணவி. அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார், எட்டாம் வகுப்பிலிருந்து கணக்கு பார்ப்பது இவள். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் ஒற்றை வரி: "காலேஜ் பஸ் 4:30-க்கு எடுத்துருவாங்க சார்." நாங்கள் கூட்டம் வைத்ததோ 4:45-க்கு! ஊரிலிருந்து வந்துபோகும் பாதிப் பேரை நேரத்தாலேயே வெளியே தள்ளியிருக்கிறோம். கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்றினேன், அவரவர் டிபன் பாக்ஸோடு வரலாம் என்று. மன்றம் உருப்படியாகச் செய்த முதல் வேலை அந்த அம்மாவின் மாவுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்ததுதான். சிறு வியாபாரிகளுக்கு அப்போது வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம். அவ்வளவுதான் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

ஹாஸ்டல் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பணத் தகராறு வந்தால் தன்னிடம்தான் வரும் என்று வார்டன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு, கேன்டீன் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேஜை போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. கடன் கூடாது என்பது நிபந்தனை. அதனால் பையனுக்கு விற்பனை கொஞ்சம் அடி வாங்கியது.

அடுத்த வருடம் ஃபார்மில் பழைய கேள்விகளைத் தூக்கிவிட்டு ஒன்றே ஒன்று வைத்தேன்: "இதுவரை எதையாவது விற்றிருக்கிறாயா? எவ்வளவுக்கு?" 31 பேர்தான் நிரப்பினார்கள். எண்ணிக்கை ஏன் சரிந்தது என்று மேலே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த 31-ஐயும் உட்கார்ந்து படித்தேன். முருங்கைக்காய், புறாக் குஞ்சு, பழைய கேள்வித்தாள் ஜெராக்ஸ். முதலாமாண்டுப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: "தம்பி சைக்கிள். 800 ரூபாய். அவனுக்கு இன்னும் தெரியாது."

சேர்த்துக்கொண்டேன். பொருளாளர் பதவி மட்டும் தரவில்லை.