லீவுத் துண்டும் டார்கெட் பலகையும்

"சம்பளம் காணாது, அதுதான் பிள்ளையள் நிக்கினமில்லை." கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துக் காமென்ட்ஸுகளில், அதாவது ஆடைத் தொழிற்சாலைகளில், ஆள் குறையும்போதெல்லாம் கேட்கிற கதை இது. பாதிதான் சரி. சம்பளம் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். நிற்பதா, போவதா என்பதைப் பெரும்பாலும் லைன் சுப்பர்வைசர் முடிவுசெய்து விடுகிறார், அவருக்கே தெரியாமல்.

மணிக்கு எத்தனை சட்டை முடிய வேண்டும் என்று எழுதும் டார்கெட் பலகையையே எடுப்போம். தையல் லைனில் 30 பேர், ஒரு சட்டையைத் தைத்து முடிக்கக் கணித்த நேரம், அதாவது எஸ்.எம்.வி., 15 நிமிடம். முழு வேகத்தில் மணிக்கு 30×60÷15, அதாவது 120 சட்டை. 65 வீதத் திறனில் 78. சரி, 78 என்று எழுதியாயிற்று. ஆனால் சட்டைக் கை பொருத்துகிற தையலுக்கு 0.9 நிமிடம் வேண்டும், அதில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் தலை நிமிராமல் தைத்தாலும் மணிக்கு 66 தான். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் துண்டு வராமல் சும்மா இருக்க, ஏச்சு விழுவது அவர்களுக்குத்தான். எவ்வளவு கத்தினாலும் 67ஆவது சட்டை வராது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒவ்வொரு தையலிலும் 10 துண்டுக்கு ஸ்டொப் வொட்ச் பிடித்துச் சராசரி எடுங்கள். தேங்குகிற இடத்துக்கு, வேலை குறைந்த தையலிலிருந்து ஒருவரை மாற்றுங்கள். இரண்டு மெஷின் ஓடினால் அந்த இடத்தில் மட்டும் 132 வரை போகலாம். புது ஸ்டைல் ஏறும் முதல் நாட்களில் பலகையில் குறைந்த எண்ணை எழுதி நாளுக்கு நாள் ஏற்றுங்கள். காலையிலேயே எட்டாத எண்ணைப் பார்த்தவர் மத்தியானத்துக்குள் கையை விட்டுவிடுவார்.

அடுத்தது லீவு. காலபோக அறுவடை, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. எல்லாம் ஒரு வருடத்துக்கு முன்பே தெரிந்தவை. இருந்தும் கேட்டவுடன் "ஏலாது" என்றால், அன்று காலை "வயித்துக்குத்து" என்றொரு போன் வரும், அல்லது அதுவும் வராது. பஸ் வந்து இறங்கிய பிறகுதான் ஐந்து கதிரை வெறுமை என்று தெரியும். லைனுக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று வரம்பு வைத்து, ஒரு மாதத்துக்கு முன்பே சுவரில் பட்டியல் போட்டால் ஜம்பரை (எந்தத் தையலுக்கும் மாற்றாக இருக்கக்கூடியவரை) எங்கே இருத்துவதென்று யோசிக்க நேரம் கிடைக்கும். யார் முதலில் கேட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சுப்பர்வைசரின் சொந்தக்காரருக்கு மட்டும் லீவு என்ற முணுமுணுப்பும் அடங்கும்.

வரவுக் கொடுப்பனவிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் மாதத்துக்குரியது முழுவதும் வெட்டு என்றால், 3ஆம் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்ற தாய்க்கு மிச்ச நாட்களில் இழக்க எதுவுமில்லை. 3,000 ரூபாயை ஒரேயடியாக வெட்டாமல் நாளுக்கு 1,000 என்று குறைத்தால் அடுத்த நாள் வருவதற்குக் காரணம் இருக்கும்.

எச்சரிக்கைக் கடிதம் தமிழில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்கினால், அது வேலை நீக்கக் கடிதம் என்ற கதை தேத்தண்ணி நேரத்துக்குள் மூன்று லைனுக்குப் போய்விடும்.

சம்பளச் சீட்டும் அப்படித்தான். ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்குரிய சம்பளம் 35,000 என்றால் 8 வீதம், 2,800 ரூபா, கழிவாகத் தெரிகிறது. தொழில்தருநர் போடும் 12 வீதமான 4,200 ரூபாயும் ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் போடும் 3 வீதமான 1,050 ரூபாயும் கழிவுப் பத்தியில் வராது. அதனால் அது "வெட்டுற காசு" ஆகிவிடுகிறது. சீட்டின் அடியில் "இந்த மாதம் உங்கள் பெயரில் சேர்ந்தது 8,050" என்று ஒரு வரி அடிக்கலாம். அதை அடிக்குமுன் காசைக் கட்டியிருக்க வேண்டும். ஈ.பி.எப்.புக்குக் கடைசித் தவணை அடுத்த மாதத்தின் இறுதி வேலைநாள்.