புதிய பிரேக் ஏன் கீச்சிட்டது?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 வீதியில் இரவானால் மாடுகள் தாரின் மேல் படுத்துக்கொள்ளும். பகல் வெயிலின் சூடு அங்கே மிச்சமிருக்கும். ஒட்டுசுட்டானில் பின்னேர வகுப்பை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் நாட்களில், கரிப்பட்டமுறிப்பு நெருங்கியதும் என் கால் தானாகவே பிரேக்கின் பக்கம் போய்விடும். கறுத்த மாடு ஒன்று வெளிச்சத்துக்குள் வருவதற்கும் நாம் அதை அடைவதற்கும் இடையில் இருப்பது சில வினாடிகள். அதனால் பிரேக் விஷயத்தில் நான் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்களுடையது பழைய டொயோட்டா கொரொல்லா. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருப்பதைப் பேணி ஓடுவதென்று முடிவெடுத்தோம். போன வருடம் முன் சில்லுகளின் பிரேக் பேட்டுகளையும் டிஸ்க்குகளையும் ஒன்றாக மாற்றினேன். சில்லோடு சுழலும் இரும்புத் தட்டுத்தான் டிஸ்க். அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பவை பேட்டுகள். கராஜில் பூட்டி, ஒரு சுற்று ஓடிப் பார்த்து, திறப்பைத் தந்துவிட்டார்கள். ஐந்தாம் நாளே கீச்சிடத் தொடங்கியது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும். நானும் மெதுவாக நிறுத்தினேன். கச்சான் விற்கும் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

திரும்பவும் கராஜுக்குப் போனேன். பேட்டுகளைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினார்கள். இரண்டு வாரம் சத்தமில்லை, பிறகு பழையபடி. “பேட் சாமான் சரியில்லை, வேறு வாங்குங்கள்” என்றார்கள். வாங்கப் போகுமுன், முப்பது வருடம் லொறி ஓடித் தானே திருத்தியும் பழகிய என் சித்தப்பாவிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் சில்லைக் கழற்றி, டிஸ்க்கை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். அதன் முகத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறுப்பு, நடுவில் வெறும் இரும்பு.

“பிள்ளை, பேட்டிலும் பிழையில்லை, டிஸ்க்கிலும் பிழையில்லை. நாம்பனைப் பழக்காமல் வண்டிலில் பூட்டியிருக்கிறாய்” என்றார்.

அவர் சொன்னதை நான் பிறகு வாசித்தும் விளங்கிக்கொண்டேன். புதிய பேட் புதிய டிஸ்க்கின் மேல் முழுமையாகப் படிவதில்லை. அளவான சூட்டில் திரும்பத் திரும்ப உராயும்போது பேட்டின் பொருளிலிருந்து மிக மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலமும் பேட்டும் உராய்வதில்தான் நல்ல பிடி கிடைக்கிறது. படலம் திட்டுத் திட்டாகப் படிந்தால், பேட் ஓரிடத்தில் பிடித்து அடுத்த இடத்தில் வழுக்கும். கரும்பலகையில் சோக்கை ஒரு குறிப்பிட்ட சரிவில் பிடித்து எழுதினால் கூசவைக்கும் அந்தச் சத்தம் வருகிறதல்லவா? அதுவும் பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கி எழும் அதிர்வுதான். சோக்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால் நின்றுவிடும். பல பேட்டுகளின் ஓரத்தைச் சரித்துச் செதுக்கியிருப்பதும், முதுகில் மெல்லிய ஷிம் தகடு வைப்பதும் இந்த அதிர்வை அடக்கத்தான்.

அந்த ஞாயிறு காலை முழுவதும் சித்தப்பாவோடு நின்றேன். டிஸ்க் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பித் தூரிகையால் உரசி எடுத்தார். அங்கே துரு இருந்தால் டிஸ்க் நேராக உட்காராமல் ஆடும். பேட்டின் மினுங்கிய முகத்தையும் டிஸ்க்கையும் அரத்தாளால் உரசி, டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்தார். புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் பூசி வரும் எண்ணெயையும் பூட்டுமுன் இப்படித்தான் துடைக்க வேண்டுமாம். என் காருக்கு அதைச் செய்தார்களா என்று நான் கேட்டிருக்கவில்லை. பேட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பரின் ஊசிகளில் எங்கள் கிரவல் வீதியின் செம்புழுதி கிறீஸோடு சேர்ந்து களியாகியிருந்தது. அதைக் கழுவிப் புதுக் கிறீஸ் இட்டார். பேட்டின் முதுகில் சூடு தாங்கும் பிரேக் கிறீஸை மெல்லியதாகப் பூசினார். உராயும் முகத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. சில்லு நட்டுகளை எதிரெதிராக, 103 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கினோம். கண்டபடி இறுக்கினால் டிஸ்க் நெளிய இடமுண்டு. புறப்படுமுன் மிதி கெட்டியாகும்வரை பல தடவை மிதிக்கச் சொன்னார். மறந்தால் முதல் மிதிப்பில் பிரேக் பிடிக்காது.

பிறகு, படலம் சீராகப் படியும்படி பிரேக்கைப் பழக்க வீதிக்குப் போனோம். காட்டு நடுவே நேராகப் போகும் பகுதியில், பின்னால் வாகனம் இல்லையென்று ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 10க்கு மிதமாக வேகத்தைக் குறைத்தேன். முழுதாக நிறுத்தக்கூடாது. மறுபடி வேகமெடுத்து, அரை நிமிடம் காற்றுப் பட ஓடி, மறுபடி. இப்படி 10 தடவை. அதன்பின் 65இலிருந்து 20க்குச் சற்று அழுத்தமாக 6 தடவை. ஊருக்கு வெளியே நம் சட்ட எல்லை 70 என்பதால் அதற்கு மேல் போகவில்லை. இலேசான கருகல் வாசம் வந்தது. அது வருமென்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். அதன்பின் 10 கிலோமீற்றர் அளவில் பிரேக்கைத் தொடாமலே ஓடி ஆறவிட்டோம்.

சூடாக இருக்கும்போது காரை நிறுத்திக் காலை மிதியிலேயே வைத்திருப்பதுதான் பெரிய பிழை. பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒரே இடத்தில் தடிப்பாகப் பதிந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மிதி நடுங்கும். பேட் பெட்டியில் வேறு முறை எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொருளுக்குப் பொருள் முறை மாறும்.

வீட்டில் ஆறியதும் பார்த்தேன். டிஸ்க் முழுவதும் ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம். அந்த நிறத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு ஆறியது. இன்றுவரை கீச்சில்லை. மார்கழி மழை இரவுகளுக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மிதிப்புக்குக் கரகரக்கும். அது இரவில் பிடித்த மேல்துரு, தானாகப் போய்விடும்.

எல்லாக் கீச்சும் பழக்காததால் வருவதில்லை. பேட் தேய்ந்து முடியும்போது, அதிலுள்ள சிறு தகடு டிஸ்க்கில் உரசி எச்சரிக்கும் வகையும் உண்டு. அதைப் பழக்கித் தீர்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கிலும் அதன் மிகக் குறைந்த தடிப்பு மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை அரத்தாளால் தேய்த்துப் பூட்ட யாரையும் விடாதீர்கள்.

எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை வரும் வெள்ளி தன் காருக்குப் புதுப் பேட் பூட்டுகிறார். சனி காலை, பஸ்கள் ஓடத் தொடங்குமுன், அவரோடு நானும் ஏ34இல் போகிறேன். கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பதும் தடவைகளை எண்ணுவதும் என் வேலை.